ரப்பெற் ஓசை

புளியங்கூடல் வீதியிற் சென்ற பழைய மொறிஸ் மைனர் ஒன்றின் இடையறாத 'ரிக் ரிக்' நாதத்தைக் கேட்டு, "உந்தச் சத்தத்தை நிப்பாட்ட ஹைட்ரோலிக் ரப்பெற் போடலாமே, அண்ணை?" என்று ஓர் இளைஞர் வினவியது முதல் இவ்விஷயம் என் சிந்தையை விட்டகலவில்லை. வால்வை இயக்கும் உறுப்பாகிய ரப்பெற்றின் அவ்வோசை ஓர் இடைவெளியால் எழுவது: வால்வுத் தண்டுக்கும் அதனை அழுத்தும் ரொக்கருக்கும் நடுவே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு இடைவெளி இருத்தல்வேண்டும் என்பது அவ்வண்டிக்கு விதிக்கப்பட்ட நியமம். அளந்து திருகும் அச்சிரமத்தை ஒழித்து, ஒயிலின் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஹைட்ரோலிக் ரப்பெற்றைக் கடிலாக் கம்பனியார் 1930-இலேயே தமது 16 சிலிண்டர் எஞ்சினில் அமைத்தனர். தனவந்தரின் வாகனத்துக்கு அந்த நிசப்தம் உகந்ததே. ஆயினும் அது ஒயிலின் சுத்தத்தையும் கனத்தையுமே முற்றாக நம்பியிருப்பது. 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட யாழ்ப்பாணத்துக் கார்களிலே, முற்றும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டியிறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்தபோது, ஹைட்ரோலிக் ரப்பெற்றாயிருந்தால் அழுத்தந் தாங்காது தளர்ந்து கடகடத்திருக்கும். கையால் இடைவெளி வைக்கும் கெட்டி ரப்பெற்றோ, ஒரு சாவியும் ஒரு திருப்புளியும் உள்ள எந்தக் கராஜிலும் சொற்ப நேரத்தில் வழிக்கு வந்தது. (ஓசையிடும் ரப்பெற்றைவிட, இடைவெளியற்று இறுகி மௌனமாகிவிட்ட ரப்பெற்றே வால்வை எரிப்பது என்பதை அனுபவசாலிகளான மெக்கானிக்குகள் நன்கறிவர்.) ஹொண்டா கம்பனியாரின் எஞ்சின்கள் பலவும் கையால் அளந்து திருத்தும் முறையையே நெடுங்காலம் கைக்கொண்டன. ஆகையால் அந்த மொறிஸுக்கு ஹைட்ரோலிக் ரப்பெற் அநாவசியம். காலந்தவறாது ஒயிலை மாற்றி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இடைவெளியை அளந்து வைத்தாற் போதும்.