இரு கை தட்டினால்தான் ஓசை

வைகையில் வெள்ளம் வந்தால் அதைப் பார்ப்பதற்கென்றே ஏ.வி. பாலத்தில் கூட்டம் கூடும் ஊர் நம் மதுரை. சித்திரை வெயிலில் தார்ச் சாலை செருப்பில் ஒட்டிக்கொள்ளும். பனிக்கட்டியை நாம் காண்பது மீன் கடையிலும் சர்பத் கடையிலும்தான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பனித்தரையில் ஸ்கேட்டிங் ஆடிய ஒரு வீராங்கனையைப் பற்றி எழுத இந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறோம்.

சென்ற கோடை விடுமுறைக்கு முன் ஒரு நாள் எங்கள் ஆசிரியை, கணினி அறையில் பழைய ஒலிம்பிக் காட்சிகள் சிலவற்றைக் காட்டினார். அவற்றுள் ஒன்று இணை ஸ்கேட்டிங். ஆணும் பெண்ணுமாக இருவர், காலணியின் அடியில் பொருத்திய மெல்லிய எஃகுத் தகட்டின் மேல் நின்று, கண்ணாடி போன்ற பனித்தரையில் இசைக்கு ஏற்பச் சுழன்று வருகிறார்கள். விரைந்து செல்லும்போதே ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குகிறார். பிறகு ஒரு கட்டத்தில் அவரை வீசி விடுகிறார். அவர் காற்றில் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்கி, நிற்காமல் வழுக்கிச் செல்கிறார். இன்னொரு கட்டத்தில் பெண்ணின் தலை ஏறக்குறையப் பனியைத் தொடும் அளவுக்கு உடல் சாய்ந்திருக்க, ஆண் ஒரே கையால் பிடித்து அவரை வட்டமாகச் சுழற்றுகிறார். அந்தப் பிடி நழுவினால் என்ன ஆகும் என்று எண்ணி எங்களில் சிலர் கண்களை மூடிக்கொண்டோம்.

இந்தப் போட்டி புதிதன்று. குளிர்கால ஒலிம்பிக் 1924-ல் தொடங்குவதற்கு முன்பே, 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இது இடம் பெற்றுவிட்டது. இதில் ஆளுக்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணைப் பிரித்துத் தருவதில்லை. இருவருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். ஒருவர் விழுந்தால் இருவருக்கும் குறையும். ஒருவர் அழகாக ஆடி மற்றவர் தடுமாறினால் அதற்குப் பரிசு இல்லை.

பனி இல்லாத நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சக்கரக் காலணி கட்டிக்கொண்டு கெட்டியான தரையில் ஆடும் இணை ஸ்கேட்டிங்கும் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், ஐதராபாத்தைச் சேர்ந்த அனூப் குமார் யாமாவும் அவனி பஞ்சாலும் இணையாக ஆடி இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் பெற்றுத் தந்தார்கள். அனூப் தனிப் பிரிவிலும் ஒரு வெண்கலம் வென்றார். தனிப் பதக்கம் அவர் ஒருவருடையது. இணைப் பதக்கமோ, அவனி இல்லாமல் அவருக்குக் கிடைத்திருக்க முடியாதது.

ஆனால் எங்கள் மனத்தை உலுக்கியது இரினா ரோத்னினா என்ற ரஷ்ய வீராங்கனையின் கதை. 1949-ல் மாஸ்கோவில் பிறந்தவர். சிறு வயதில் அடிக்கடி நுரையீரல் காய்ச்சலால் அவதிப்பட்ட பிள்ளை. அலெக்ஸி உலானோவ் என்பவரோடு இணை சேர்ந்து 1969 முதல் 1972 வரை நான்கு முறை உலகப் பட்டம் வென்றார். 1972-ல் ஜப்பானின் சப்போரோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இருவரும் தங்கம் வென்றனர். அதே ஆண்டில் உலானோவ் அவரை விட்டுப் பிரிந்து, தாம் மணந்துகொண்ட வேறொரு வீராங்கனையோடு இணை சேர்ந்தார்.

அப்போது ரோத்னினாவுக்கு வயது 22. உலகிலேயே முதலிடம், கழுத்தில் ஒலிம்பிக் தங்கம். ஆனால் மறுநாள் காலை பயிற்சிக்குப் போனால் பிடிக்க ஒரு கை இல்லை. கால்கள் அதே கால்கள். கற்ற வித்தையும் அதே வித்தை. ஆனாலும் அவரால் போட்டியில் இறங்க முடியாது! எவ்வளவு விந்தையான நிலை!

இந்த இடத்தில்தான் எங்களுக்கு எங்கள் வகுப்புத் தோழியர் இருவர் நினைவுக்கு வந்தார்கள்.

இருவரும் ஏழாம் வகுப்பிலிருந்து டெனிகாய்ட் இரட்டையர் பிரிவில் சேர்ந்து ஆடுகிறவர்கள். வளையத்தை ஒரே கையால் பிடித்து, வைத்துக்கொள்ளாமல் உடனே திருப்பி எறிய வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் விதி. எந்த வளையம் யாருடையது என்று யோசிக்க நேரம் கிடையாது. மூன்று ஆண்டுப் பழக்கத்தில், ஒருத்தி முன்னால் நகர்ந்தால் மற்றவள் சொல்லாமலே பின்னால் போவாள். ஒன்பதாம் வகுப்பில் மாவட்ட அளவு வரை போய் வந்தார்கள். இந்த ஆண்டு இன்னும் மேலே போவார்கள் என்று நாங்கள் எல்லாரும் எண்ணியிருந்தோம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அவர்களுள் ஒருத்தி மேலூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் வருபவள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, இனி விளையாட்டு வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். நாங்கள் அவள் அம்மாவிடம் பேசிப் பார்த்தோம். "பரிட்சை முடியட்டும்த்தா. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் ஆடிக்கிடட்டும்" என்று அன்பாகத்தான் சொன்னார். தம் மகளைப் பற்றிய கவலை அந்தக் குரலில் இருந்தது. அதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் அந்த வீட்டில் யாரும் இன்னொரு பெண்ணைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை. அவள் வீட்டில் விளையாட்டுக்குத் தடை சொல்லவில்லை. அவள் மதிப்பெண்ணும் குறையவில்லை. ஆனாலும் அவள் ஆட்டமும் அன்றோடு நின்றுவிட்டது. சில நாட்கள் மாலை வேளையில் அவள் மட்டும் மைதானத்தின் ஓரச் சுவரில் வளையத்தை எறிந்து, திரும்பி வருவதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவர் எறிந்ததைத் திருப்பித் தருமே தவிர, முன்னால் வா, பின்னால் போ என்று சொல்லுமா? ஒரு வாரத்தில் அதையும் விட்டுவிட்டாள். மண்டலப் போட்டிக்கு நம் பள்ளியிலிருந்து அந்தப் பிரிவில் யாரும் போகவில்லை.

இதைத்தான் நாங்கள் பெற்றோருக்குச் சொல்ல விரும்புகிறோம். இணையாக ஆடும் ஆட்டத்தில் ஒரு பெண்ணை நிறுத்தினால், நிற்பது ஒரு பெண் அன்று, இரண்டு பெண்கள். ஒரு வீட்டில் எடுக்கும் முடிவு, கேட்கப்படாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தலையிலும் விழுகிறது.

ரோத்னினாவின் கதை அங்கே முடிந்துவிடவில்லை. அவருடைய பயிற்சியாளர் அலெக்சாண்டர் சைட்செவ் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்து அவரோடு சேர்த்துவிட்டார். பெரிய பட்டங்கள் எதுவும் அதுவரை பெறாதவர் சைட்செவ். ரோத்னினா மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். 1973-ல் பிராட்டிஸ்லாவா நகரில் உலகப் போட்டி. இருவரும் ஆடிக்கொண்டிருக்கும்போதே இசை நின்றுபோயிற்று. அவர்கள் நிற்கவில்லை. இசையே இல்லாமல், ஒருவர் அசைவை மற்றவர் உணர்ந்து, ஆட்டத்தைக் கடைசி வரை ஆடி முடித்தார்கள், பட்டத்தையும் வென்றார்கள். அன்று அவர்களுக்குத் தாளம் போட்டது எது? நாள்தோறும் சேர்ந்து பழகிய பழக்கமே அல்லவா!

சைட்செவோடு சேர்ந்து 1973 முதல் 1978 வரை ஆறு உலகப் பட்டங்கள், 1976-ல் இன்ஸ்ப்ரூக்கில் ஒலிம்பிக் தங்கம். இதற்கிடையில் 1975-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். 1979-ல் அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்த ஆண்டு உலகப் போட்டியில் ரோத்னினா ஆடவில்லை. மறு ஆண்டே, 1980-ல் அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் சைட்செவோடு சேர்ந்து ரோத்னினா தம் மூன்றாவது ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். மேடையில் நின்ற அந்தத் தாயின் கண்களில் நீர் வழிந்தது. ஆக, அவர் வென்றவை பத்து உலகப் பட்டங்கள், மூன்று ஒலிம்பிக் தங்கங்கள். ஒன்றைக்கூட அவர் தனியாக வெல்லவில்லை.

ரோத்னினாவுக்கு இன்னொரு துணையைத் தேடித் தர ஒரு பயிற்சியாளர் இருந்தார். ஒரு நாடே பின்னால் இருந்தது. நம் ஊரில் சுவரைப் பார்த்து வளையம் எறியும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

அது ரஷ்யா, இது தமிழ்நாடு என்று சொல்லிவிட வேண்டாம். சென்னையில் வளர்ந்த தீபிகா பள்ளிக்கலும் ஜோஷ்னா சின்னப்பாவும் ஸ்குவாஷ் ஆட்டத்தில் தனித்தனியே ஒருவரோடொருவர் மோதியவர்கள். ஆனால் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் இரட்டையராகச் சேர்ந்து, இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து இணையை வென்று தங்கம் பெற்றார்கள். காமன்வெல்த் ஸ்குவாஷில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 2018-ல் வெள்ளி. அதன்பின் தீபிகா சில ஆண்டுகள் போட்டிகளில் ஆடவில்லை. 2021-ல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். 2022 ஏப்ரலில் அதே கிளாஸ்கோவில் உலக இரட்டையர் போட்டி நடந்தபோது, அவர் மீண்டும் ஜோஷ்னாவின் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் உலகப் பட்டம் வென்றார்கள். இடைவெளி விடுவது குற்றமில்லை. திரும்பி வர வழி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

"நீங்கள் என்ன ஒலிம்பிக்குக்கா போகப் போகிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை, போகப் போவதில்லை. அதை நாங்களும் அறிவோம். பொதுத் தேர்வின் அருமையையும் அறிவோம். மாலை இருட்டிய பிறகு ஊருக்குப் பேருந்தில் போகும் பெண்ணைப் பற்றி வீட்டில் பயப்படுவதும் நியாயமே. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வீடுகளும் உண்டு. ஆகவே, எல்லாரையும் ஆட விடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நிறுத்த வேண்டியிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதைப் பற்றித்தான் கேட்கிறோம்.

பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள்: முடிவு எடுக்கும் முன் விளையாட்டு ஆசிரியையிடமும், கூட ஆடும் பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடிந்தால் மண்டலப் போட்டி முடியும் வரையாவது பொறுத்திருங்கள். மாலை முடியாது என்றால் காலையில் பள்ளி தொடங்கும் முன் அரை மணி நேரம் போதும்.

மதிப்பிற்குரிய சிஸ்டர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: இரட்டையர் ஆட்டங்களில் பத்தாம் வகுப்பு மாணவியரோடு ஒன்பதாம் வகுப்பு மாணவியரையும் சேர்த்துப் பழக்கினால், ஒருத்தி விலக நேரும்போது மற்றவள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டியிராது. எங்கள் தங்கைகளுக்காவது அது உதவும்.

பிறரைச் சொல்லிவிட்டு எங்கள் பிழையை மறைப்பது முறையாகாது. சென்ற ஆண்டு மாவட்டப் போட்டியில் அவர்கள் தோற்றுத் திரும்பியபோது, "அவள் கடைசி வளையத்தை விட்டதால்தான் போயிற்று" என்று எங்களில் பலர் பேசினோம். அவள் காதுபடவே பேசினோம். மற்றவளோ, "நாங்கள் விட்டுவிட்டோம்" என்று மட்டும் சொன்னாள். "அவள்" என்ற சொல்லுக்கும் "நாங்கள்" என்ற சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை அன்று நாங்கள் கவனிக்கவில்லை. கணினி அறையில், பனியில் விழுந்த பெண்ணுக்கு அவருடைய துணைவர் கை கொடுத்துத் தூக்கி, இருவரும் அடுத்த அடியை வைத்து ஆடியதைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்த பிறகு, பத்து நிமிடம் அவர்கள் இருவரும் வேப்ப மரத்தடியில் வளையம் எறிந்து ஆடுகிறார்கள். வலையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. மணி அடித்ததும் வகுப்புக்கு ஓடி வருகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின் கணக்குப் பாடத்தில் அவர்கள் தூங்கியதை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

இரு கை தட்டினால்தான் ஓசை என்பது நம் பெரியோர் வாக்கு. ஒரு கையைக் கட்டி வைக்கும் முன், ஓசையில்லாமல் போகும் மற்றொரு கையையும் சற்று எண்ணிப் பாருங்கள் என்று பணிவோடு கேட்டு முடிக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில்