இருபத்தெட்டு வருச அனுபவம்: எதில்?

ஏழாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுத்த வாத்தியார் திறமைசாலி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து நான் போடுகிற வட்டிக் கணக்கெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் திருத்திய நோட்டை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கையில் கொடுப்பார். சேரிப் பிள்ளைகளுக்குத் தரையில் வீசுவார். 'கவர்மெண்டு பணம் வாங்குறவன்லாம் எந்திரி' என்று அடிக்கடி நிற்க வைப்பார். அப்போதே அவருக்கு இருபத்தெட்டு வருச சர்வீஸ்.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். எட்டாம் வகுப்பு வரை நடத்துகிற ஆசிரியர்கள், ஓய்வுபெற ஐந்து வருசத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருசத்துக்குள் தகுதித்தேர்வு எழுதித் தேற வேண்டும். அதற்குக் குறைவாக இருப்பவர்கள் வேலையில் தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு கேட்க முடியாது என்றது தீர்ப்பு. சங்கங்கள் கொதித்தன. இத்தனை வருச அனுபவத்துக்கு மேல் என்ன பரீட்சை என்றன. 2020 தேசியக் கல்விக் கொள்கையோ இன்னும் ஒரு படி மேலே போய், ஆசிரியருக்கு தேசியத் தொழில்தரங்கள் வகுக்கப்படும், பதவி உயர்வும் சம்பள உயர்வும் பணிமூப்பை வைத்துக் கிடையாது, மதிப்பீட்டை வைத்து மட்டும்தான் என்று எழுதி வைத்திருக்கிறது.

ஒரு பக்கம் அனுபவம், இன்னொரு பக்கம் தரம். நடுவில் தரையில் கிடக்கிற நோட்டை யார் எடுப்பது?

தகுதித்தேர்வுக்கு 150 மார்க். அதில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். பிள்ளையை அவமானப்படுத்தலாமா என்று கேட்டால் எங்கள் வாத்தியார் சரியான விடையைக் கறுத்துவிட்டு வந்திருப்பார். நூற்றிருபதுக்குக் குறையாமல் வாங்கியிருப்பார். மறுநாள் நோட்டு மறுபடி தரையில் விழுந்திருக்கும்.

எங்கள் தெருவிலிருந்து போன டீச்சரக்கா ஒருத்தர் இருக்கிறார். ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் இருபத்திரண்டு வருசம். பள்ளிக்கூடம் வராத பிள்ளையைத் தேடி செங்கல் சூளை வரைக்கும் போவார். அவருக்கு இங்கிலீஷ் 30 கேள்வி என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. 'தம்பி, ஃபெயிலாயிட்டா புள்ளைங்க மூஞ்சில எப்பிடிடா முழிக்கிறது?' என்கிறார். இந்த அளவுகோலில் அவர் தரமில்லாதவர். நம் கணக்கு வாத்தியார் தரமானவர்.

அளவுகோலின் யோக்கியதையும் நாம் பார்த்ததுதான். 2012 ஜூலையில் இங்கே நடந்த முதல் தகுதித்தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். உடனே 'தரம் இல்லை' என்று கூச்சல். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தவனின் தரத்தை யாரும் கேட்கவில்லை. அக்டோபர் மறுதேர்வில் மூன்று மணி நேரம் கொடுத்தார்கள், தேறியவர்கள் பல மடங்கு கூடினார்கள். நேரம்தான் கூடியது, மூளை கூடவில்லை! நமக்குத் தளர்வு கொடுக்கத் தேசிய வழிகாட்டுதலிலேயே இடம் இருந்தும் 60 சதவீதத்தை 55 ஆக்க 2014 வரை இழுத்தார்கள். அதுவும் வழக்காகி, உச்சநீதிமன்றம் 2016இல் செல்லும் என்ற பிறகுதான் ஓய்ந்தது.

பரீட்சையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வங்கியில் நானும் ஜேஏஐஐபி எழுதித் தேறினேன், இன்கிரிமென்ட் சேர்ந்தது. ஆனால் நகைக்கடனுக்கு வருகிற கிழவியை 'நீ, வா, போ' என்று விரட்டுகிற சக ஊழியனும் அதே பரீட்சை தேறியவன்தான். அந்தக் கிழவியிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

சங்கத்துத் தோழர்களிடம் ஒரு கேள்வி. அனுபவம் அனுபவம் என்கிறீர்களே, எதில் அனுபவம்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, அவனுடைய தங்கையோடு சேர்த்து, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளியில் துன்புறுத்துகிறார்கள் என்று புகார் சொன்ன பிறகு நடந்தது அது. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும்போதே சமூகநீதி குறித்த அவர்களின் மனப்பான்மையைப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் பார்த்தால் போதுமா? இருபது வருசமாக உள்ளே இருந்து தலைமையாசிரியர் நாற்காலிக்குக் காத்திருப்பவரிடம் அல்லவா முதலில் பார்க்க வேண்டும்! அந்த நாற்காலியில் இருப்பவர்தானே புகாரை வாங்குவதும், அமுக்குவதும்.

அதை விடைத்தாளில் பார்க்க முடியாது. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர் வந்து டீ குடித்துவிட்டு எழுதுகிற மதிப்பீட்டிலும் தெரியாது. கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினர் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம். சட்டத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. என் அக்காவும் உறுப்பினர். கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை, தீர்மான நோட்டு பிள்ளை கையில் வீட்டுக்கு வருகிறது, அடுப்படியில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறாள்.

பதவி உயர்வுக்குப் பெயர் போகிற ஒவ்வொரு ஆசிரியரைப் பற்றியும் அந்தக் குழுவின் சேரித் தாய்மார்களிடம் தனியாகக் கேளுங்கள். உங்கள் பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறார்? கக்கூஸ் கழுவச் சொன்னாரா? நோட்டை எப்படிக் கொடுக்கிறார்? இந்த மூன்றையும் தேசியத் தொழில்தரங்களின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இங்கிலீஷ் 30 கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். டீச்சரக்காவுக்கு நானே ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.