ரஃப் நோட்டில் ஒரு ரேஸ் கார்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,



கன்னியாகுமரி மாவட்டம் இராஜாக்கமங்கலத்திலிருந்து, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவன் எழுதுகிறேன். எங்கள் ஊருக்கும் கார் பந்தயத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தென்னந்தோப்பு, கொஞ்சம் தள்ளித் துறை, அப்புறம் கடல். ரோட்டில் வேகம் என்று பார்த்தால் குளச்சல் பஸ்ஸும் மீன் ஏற்றிய டெம்போவும்தான். இருந்தும் கார் பந்தயத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அம்மாவின் ஃபோனை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவான். ஃபார்முலா 1 பார்க்கத்தான். ஒருநாள் கேட்டான்: "தாத்தா, இந்தக் காருல வேலோண்ணு எழுதியிருக்கே, அது முருகனுக்க வேலா?"

சிரித்துவிட்டேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஆரஞ்சு நிற மெக்லாரன் கார். 2024, 2025 இரண்டு ஆண்டும் அணிகளுக்கான பட்டத்தை வென்ற வண்டி. வேலோ என்பது நிகோடின் பொதி. டீ பேக்கைச் சுருக்கினாற்போல இருக்கும். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்வது. நம் ஊரில் போயிலை ஒதுக்குகிறவர்கள் செய்வதுதான், கொஞ்சம் நாகரிகமாக. விற்பது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ. அந்தக் கம்பெனி 2019இல் மெக்லாரனோடு கைகோத்தது. முதலில் காரில் நல்லதொரு நாளை பிறக்கும் என்கிற மாதிரி ஒரு வாசகம். பிறகு வியூஸ் என்ற இ-சிகரெட்டின் பெயர். வேலோவும் கூடவே வந்தது.

பையனுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. "முருகன் வேல் இல்ல மக்களே" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் தன் ரஃப் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். அதே காரை மனப்பாடமாக வரைந்திருக்கிறான். அட்டையில் தன் பள்ளிக்கூடத்துப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியதில் இரண்டு பிழை. காரில் எழுதிய பெயரில் ஒரு பிழைகூட இல்லை.

விளம்பரத்துக்குத் தடைதான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம், 5ஆம் பிரிவு. விளம்பரம், ஊக்குவிப்பு, ஸ்பான்சர் எதுவும் கூடாது. மீறினால் முதல் முறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். ஒரு ரேஸ் காரின் மூக்குக்குப் பெயின்ட் அடிக்கக்கூட அந்த 1,000 ரூபாய் காணாது என்பது வேறு விஷயம். 2019இல் இ-சிகரெட்டுக்குத் தனிச் சட்டம் வந்து, அதன் விளம்பரத்தையும் தடுத்தது. ஆனால் 2003 சட்டத்தின் அட்டவணையில் இருப்பவை சிகரெட், சுருட்டு, பீடி, மூக்குப்பொடி, குட்கா என்று புகையிலை சேர்ந்த சரக்குகள். இலையே இல்லாமல் நிகோடின் மட்டும் வைத்த பொதியின் பெயர் அதில் இல்லை. புகையிலைக்காரன் எப்போதும் இப்படி ஒரு சந்து கண்டுபிடித்து அதன் வழியாகத்தான் வருவான்.

இதில் அவன் கைதேர்ந்தவன். 1968இல் லோட்டஸ் அணி தன் பச்சை நிறத்தை விட்டுவிட்டு கோல்டு லீஃப் சிகரெட் பாக்கெட்டின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு மார்ல்போரோ, கேமல், ராத்மன்ஸ் என்று மைதானமே பெட்டிக்கடை மாதிரி ஆனது. 1997இல் பிரிட்டனில் புதிதாக வந்த டோனி பிளேர் அரசு, விளையாட்டில் புகையிலை ஸ்பான்சருக்குத் தடை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு ஃபார்முலா 1க்கு மட்டும் விலக்குத் தரப் பார்த்தது. அந்தப் பந்தயத்தின் முதலாளி பெர்னி எக்கிள்ஸ்டன் ஆளும் கட்சிக்கு 10 லட்சம் பவுண்டு நன்கொடை கொடுத்திருந்த சேதி வெளியே வந்து நாறியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் தடை முழுதாக நடப்புக்கு வர 2005 ஜூலை ஆனது.

நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1இல் ஓட்டியதும் அதே 2005இல்தான். இந்தியாவின் முதல் ஆள். ஜூனில் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். அவர் ஓட்டிய ஜோர்டான் கார் ஏன் மஞ்சளாக இருந்தது தெரியுமா? பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் சிகரெட்டுக்காக மாற்றிய நிறம் அது. தடை இருந்த நாடுகளில் ஓடும்போது அந்த அணி சிகரெட்டின் பெயரில் சில எழுத்தை மாற்றி, ஒரு வருஷம் பாம்புப் படத்தோடு 'பிட்டன் ஹிசஸ்' என்றும், அப்புறம் கடந்தைக் குளவிப் படத்தோடு 'பஸ்ஸின் ஹார்னெட்ஸ்' என்றும் எழுதிக்கொண்டது. எழுத்துதான் மாறியது, நிறமும் அமைப்பும் அப்படியே. ஃபெராரி இன்னும் ஒரு படி மேலே போய் எழுத்தையே விட்டுவிட்டு, பார்கோடு மாதிரிக் கோடு போட்டது. வேகமாகப் போகும்போது அது சிகரெட் பெட்டிபோலத் தெரிகிறது என்று டாக்டர்கள் சத்தம் போட்ட பிறகு 2010 மே மாதம்தான் அதை எடுத்தார்கள்.

பிறரைச் சொல்லும் முன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் நான் சின்ன வாத்தியார். ஊரில் கபடிப் போட்டி நடத்தக் காசில்லை. கோட்டாறிலிருந்து ஒரு பீடிக் கம்பெனி ஏஜென்டு வந்தார். கோப்பை, பனியன், மைக் செட், எல்லாம் அவர் செலவு. எனக்கு உள்ளுக்குள் ஒரு தயக்கம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாரே, பிள்ளைகளைப் பீடி குடிக்கவா சொல்லுகோம்? கபடி விளையாடத்தானே சொல்லுகோம்!" நான் வாங்கிக்கொண்டேன். பதினாலு வயசுப் பையன்கள் பீடிக் கட்டின் லேபிள் அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு கபடி பாடினார்கள். கிழியும் வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் தோப்புக்கும் கடலுக்கும் போனார்கள். ஏஜென்டு வேறெதுவும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது அந்தப் பனியன்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

கோப்பை இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. துடைக்கத்தான் மனசு வருவதில்லை.

நான் செய்ததை உங்கள் ஆணையத்தின் அரங்கமும் பெரிய அளவில் கண்டிருக்கிறது. நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியத்தில் 1997 முதல் 2001 வரை நடந்த சர்வதேசப் போட்டியின் பெயரே கோல்டு ஃப்ளேக் ஓபன். 1998இல் பேட்ரிக் ராஃப்டர் வந்து ஜெயித்தது அந்தப் பெயர் போட்ட கோப்பையைத்தான். 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்கு வில்ஸ் பெயர். அதில் ஒரு கால் இறுதி சேப்பாக்கத்தில். பாராளுமன்றத்தில் புகையிலை விளம்பரத் தடை மசோதா வந்தபோது, 2001இல்தான் இந்த இரண்டு சிகரெட்டையும் விற்கும் ஐ.டி.சி. ஸ்பான்சர் வேலையிலிருந்து விலகியது. அடுத்த ஆண்டு டென்னிஸ் நின்றுபோகவில்லை. டாடா ஓபன் என்று நடந்தது. புகையிலைப் பணம் போனால் விளையாட்டு போய்விடும் என்கிறவர்களுக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம். சோழவரத்தில் யுத்தகாலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் விட்ட மெட்ராஸ் இது. இங்கே பந்தயத்தை வளர்த்ததில் டயர் கம்பெனிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. டயருக்கும் காருக்கும் ஒரு நியாயமான உறவாவது இருக்கிறது.

அரசுக்கும் புகையிலைக்கும் உள்ள உறவைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தோணியில் வந்த புகையிலையை விற்கும் ஏகபோகத்தை அரண்மனையே வைத்திருந்தது. கஜானாவுக்கு நல்ல வருமானம். திவான் மாதவராவ் காலத்தில்தான் அதைக் கைவிட்டு, சுங்கமாக மாற்றினார்கள். டாஸ்மாக் நடத்தும் அரசிடம் போய் இதைப் பேசுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அது வேறு மடல்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 ஓடியது. மிக்ஜாம் புயலால் முந்தைய டிசம்பரிலிருந்து தள்ளிப்போன பந்தயம். ஃபிளாக் ஸ்டாஃப் சாலை, அண்ணா சாலை, நேப்பியர் பாலம் பக்கமெல்லாம் விளக்கு. டிவியில் நானும் பார்த்தேன்; அழகாகத்தான் இருந்தது. அதை நடத்தியதைக் குறைசொல்ல இந்த மடல் இல்லை. ஃபோன் திரையில் வெளிநாட்டு மைதானத்திலிருந்து வருவதைத் தடுப்பது உங்கள் வேலையும் இல்லை; அதை டெல்லிதான் பார்க்க வேண்டும். ஆனால் நம் ரோட்டில், உங்கள் ஆணையம் சேர்ந்து நடத்தும் பந்தயத்துக்குப் போடும் ஒப்பந்தம் உங்கள் மேஜையில்தான் எழுதப்படுகிறது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேருங்கள். "புகையிலை விளம்பரம் கூடாது" என்று மொட்டையாக எழுதினால் நாளைக்கு ஏலக்காய் என்று வருவான், பாக்கு என்று வருவான், நிகோடின் பொதி என்று வருவான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனிலேயே இந்த மாற்றுவேஷ விளம்பரத்துக்குத் தடை போட்டது. அப்படியும் 2025 மார்ச்சில், ஐ.பி.எல். தொடங்கும் முன், புகையிலை, மது விளம்பரங்களையும் அவற்றின் மாற்றுவேஷத்தையும் நிறுத்தச் சொல்லி மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆகவே இப்படி எழுதுங்கள்: புகையிலை அல்லது நிகோடின் சரக்கு எதற்காவது உலகில் எங்காவது பயன்படும் பெயரோ, சின்னமோ, நிறச்சேர்க்கையோ, வேறு எந்தப் பொருளின் பெயரில் வந்தாலும், காரிலும் ஓட்டுநர் உடையிலும் தடுப்புப் பலகையிலும் இடம்பெறக் கூடாது. ஸ்பான்சர் பட்டியலைப் பந்தயத்துக்கு 30 நாள் முன்பே உங்கள் அலுவலகம் வெளியிட வேண்டும். இதே ஷரத்து, மாவட்ட அளவில் நீங்கள் நிதி கொடுக்கும் கபடிப் போட்டி வரை வரட்டும். 1987இல் இப்படி ஒரு தாள் என் கையில் இருந்திருந்தால், ஏஜென்டிடம் அதைக் காட்டியே அனுப்பியிருப்பேன்.

பையன் வரைந்த படத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆரஞ்சுக் கலர் அவனிடம் இல்லை. மஞ்சளையும் சிவப்பையும் மாற்றி மாற்றித் தீட்டியிருக்கிறான். அந்த நாலு எழுத்தை மட்டும், அழியக் கூடாது என்று, பேனாவால் எழுதியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
இராஜாக்கமங்கலம்.