கஸூலே எங்கே சாப்பிடலாம்?

பிரான்ஸ் போகும் நம்மூர்த் தம்பிமார் சிலர் கேட்டார்கள். கஸூலே என்பது வெள்ளை போஞ்சி விதையை இறைச்சியோடு மண்சட்டியில் மணிக்கணக்காக வேகவைக்கும் கறி. தூலூஸ், கார்க்கசோன், கஸ்தெல்னோதரி மூன்று ஊரும் 'அசல் எங்களுடையதுதான்' என்று சண்டை. என்னைக் கேட்டால் கஸ்தெல்னோதரிதான். கறிக்குப் பெயர் தந்த 'கஸோல்' சட்டி பக்கத்து இஸ்ஸெல் கிராமத்துக்காரர் வனைந்தது.

ஆனால் அங்கே கடையில் உட்காராதீர்கள். "இறைச்சியை ஒதுக்கிவிட்டு விதையை மட்டும் சாப்பிட்டேன் சேர்" என்றார் ஒருவர். அந்த விதை வெந்ததே பன்றித் தோலோடும் கொழுப்போடும்தான்! பன்றி இல்லை என்றாலும் வாத்தை அறுத்தது யார்?

சட்டியை வாங்குங்கள். ஹலால் கடையில் ஆட்டிறைச்சி எடுங்கள். கார்க்கசோனில் ஆடு சேர்ப்பது பழைய வழக்கம்தான். விதையை முதல்நாள் இரவே ஊறப்போடுங்கள். வேகும்போது மேலே கட்டும் ஆடையை அடிக்கடி உடைத்து உள்ளே அமுக்குங்கள்.