லாஸ்ட் பெஞ்ச் திராட்சை!

வார்டன் சார், பதறாதீங்க. இந்த வாரம் நம்ம 'லாஸ்ட் பெஞ்ச்' பகுதியில வந்து உட்காரப் போறது ஒயின்தான். ஆனா சத்தியமா, இதை எழுதுற ஆள் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. 'குடி குடியைக் கெடுக்கும்'ங்கிற விஷயத்துல எனக்கும் எங்க அம்மாவுக்கும் நடுவுல கருத்து வேறுபாடே கிடையாது. மேட்டர் பாட்டில்ல இல்லை பாஸ், கொடியில இருக்கு!

போன மாசம் எங்க காலேஜுக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. ஆப்டிட்யூட் டெஸ்ட், ஒரு மணி நேரம். கட்-ஆஃப்ல ரெண்டே மார்க்ல ஐயா அவுட். என்ன புராஜெக்ட் பண்ணினே, என்ன தெரியும்னு ஒரு வார்த்தை கேட்கலை. அவங்க பார்த்தது ஒரே ஒரு நம்பர். அன்னிக்கு ராத்திரி ரூம்ல குப்புறப் படுத்து, கண்டதையும் படிச்சுக்கிட்டு இருந்தப்பதான் டிமோராசோ கண்ணுல பட்டுச்சு. அதையும் இப்படித்தான், ஒரே ஒரு நம்பரைப் பார்த்துக் கழிச்சுக் கட்டியிருக்காங்க!

கிலோ எவ்வளவு தேறும்?

இத்தாலியின் வடமேற்கு மூலையில் இருக்கிறது பீட்மாண்ட் மாநிலம். பரோலோ, பார்பரெஸ்கோ என்று சிவப்பு ஒயினுக்குப் பேர் போன ஏரியா. அதன் தென்கிழக்கு ஓரத்தில் டோர்டோனா என்று ஒரு ஊர், அதைச் சுற்றிலும் குன்றுகள். அந்தக் குன்றுகளில் தலைமுறை தலைமுறையாக விளைந்த வெள்ளைத் திராட்சைதான் டிமோராசோ. 19-ம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்து வெள்ளைத் திராட்சைகளில் இதுதான் ஹீரோ.

அப்புறம் வந்தான் வில்லன். பேரு ஃபில்லாக்ஸெரா. அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த, வேரை உறிஞ்சுகிற ஒரு பொடிப் பூச்சி. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை ஒரு வழி பண்ணிவிட்டது. பூச்சியைத் தாங்குகிற அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டி நடுவதுதான் கடைசியில் கிடைத்த ஒரே வைத்தியம். அதாவது, தோட்டம் மொத்தத்தையும் முதலிலிருந்து நட வேண்டும். எப்படியும் புதுசா நடப் போறோம், எதை நடலாம்? இங்கதான் நம்மாளுக்கு இன்டர்வியூ!

டிமோராசோவோட பயோடேட்டா ரொம்பச் சுமார். பூக்கும், ஆனால் பாதிப் பூ காய் பிடிக்காமலே கொட்டிவிடும். ஒரே குலையில் ஒரு பழம் கனிந்திருக்கும், பக்கத்துப் பழம் பச்சையாக நிற்கும். ஒரு வருஷம் நல்லா விளைந்தால் அடுத்த வருஷம் கையை விரிக்கும். எதிர் பெஞ்சில் கோர்தேஸே என்று இன்னொரு வெள்ளைத் திராட்சை. சொன்ன சொல் தவறாமல் வருஷா வருஷம் குலை குலையாகக் கொட்டும். அதிலிருந்து வரும் 'காவி' ஒயினுக்கு மார்க்கெட்டும் ரெடி. அப்புறம் என்ன, கோர்தேஸேவுக்கும் பார்பெரா என்ற சிவப்புத் திராட்சைக்கும் அட்மிஷன். டிமோராசோவுக்கு டி.சி!

விவசாயிகளைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! 1980-களில் மற்ற கொடிகளுக்கு நடுவே அங்கொரு வரிசை, இங்கொரு வரிசை என்றுதான் அது உயிரோடு இருந்தது.

தனியாப் பறிச்சவர்

மொன்லியாலே என்ற குக்கிராமத்தில் வால்டர் மாஸா என்று ஒருத்தர். 1955-ல் பிறந்தவர். பரம்பரையாகத் திராட்சை பயிரிடும் குடும்பம். 1987-ல் அவர் செய்தது ஒரு சின்னக் காரியம். மிச்சம் மீதி இருந்த டிமோராசோவைத் தனியாகப் பறித்து, மற்றதோடு கலக்காமல் தனியாக ஒயின் போட்டுப் பார்த்தார். அவ்வளவுதான்.

உடனே நம்ம சினிமா மாதிரி இருக்கிறதையெல்லாம் பிடுங்கி எறிஞ்சுட்டு, மனுஷன் ஒத்தையில தொடை தட்டினார்னு நினைக்காதீங்க. சிவப்பு ஒயினும் போட்டுக்கிட்டேதான் இருந்தார். ஒரு கையில் சோத்துக்கு வழி, இன்னொரு கையில் ஆராய்ச்சி.

அந்த ஆராய்ச்சியில் ஒரு விஷயம் பிடிபட்டது. வெள்ளை ஒயினில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டிய சமாச்சாரம். டிமோராசோ உல்டா. ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்துதான் விற்பனைக்கே அனுப்புகிறார்கள். பத்து வருஷம் ஆன பாட்டிலும் ஸ்ட்ராங்காக நிற்கும். தேன் வாசனையும், கூடவே (சிரிக்கக் கூடாது) லேசாக ஒரு பெட்ரோல் வாசனையும் எட்டிப் பார்க்கும்! கெமிஸ்ட்ரி பசங்களுக்காகச் சொல்றேன்: கேரட்டுக்கு நிறம் தருகிற கரோட்டினாய்டு குடும்பம் திராட்சையிலும் உண்டு. அது உடைந்து வரும் பொருள்கள் பாட்டிலுக்குள் வருஷக்கணக்கில் மெதுவாக மாறுவதால் வருகிற வாசனை அது. ஜெர்மனியின் ரீஸ்லிங் ஒயினுக்கும் இதே வாசனைதான் அடையாளம்.

மண்ணும் லேசுப்பட்ட மண்ணில்லை. சுண்ணாம்பு கலந்த களிமண், ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. பக்கத்து ஊர் ஒன்றுக்குப் பேரே சான்ட்'அகாட்டா ஃபாஸிலி, பேரிலேயே ஃபாசில்! ஜியாலஜி புத்தகத்தில் 'டோர்டோனியன்' என்று ஒரு காலகட்டம் வரும். சுமார் 1 கோடியே 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஆரம்பித்து 72 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு முடிந்தது. அந்தப் பேர் வந்தது இதே டோர்டோனாவிலிருந்துதான்.

பேர்ல என்ன இருக்கு?

நிறைய இருக்கு பாஸ்! திராட்சை பேரிலேயே ஒயினை விற்றால் என்ன ஆகும்? நாளைக்கே வேறு எந்த நாட்டுக்காரரும் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டுபோய் நட்டு, அதே பேரில் விற்கலாம். ஊர்ப் பேரை அப்படி ஒடித்துக்கொண்டு போக முடியாது. அதனால் டோர்டோனாவின் பழைய ரோமானியப் பேரைத் தூசி தட்டி 'டெர்தோனா' என்று லேபிளில் போட ஆரம்பித்தார்கள் மாஸாவும் அவருடைய கூட்டாளிகளும்.

இது எவ்வளவு விவரமான வேலை என்பதற்குப் பக்கத்து உதாரணம் ப்ரொசெக்கோ. அங்கே ஒயினுக்கும் திராட்சைக்கும் ஒரே பேராக இருந்து தலைவலி ஆனது. 2009-ல் திராட்சையின் பேரை 'க்ளேரா' என்று மாற்றிவிட்டு, ட்ரியஸ்ட் நகரத்துப் பக்கமிருக்கும் ப்ரொசெக்கோ கிராமத்தைக் காட்டி, அதை ஊர்ப் பேராகப் பாதுகாத்தார்கள். டெர்தோனா கோஷ்டி உஷார், பேரை முதலிலேயே பிரித்து வைத்துவிட்டது!

மாஸாவைப் பார்த்து அக்கம்பக்கத்திலும் நடத் தொடங்கினார்கள். அதில் ஒரு இடம் காஸ்டெல்லானியா. சைக்கிள் பந்தயத்தின் சூப்பர் ஸ்டார் ஃபாஸ்டோ கோப்பி 1919-ல் பிறந்த கிராமம். இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில் ஐந்து முறையும், டூர் டி ஃபிரான்ஸில் 1949, 1952 என இரண்டு முறையும் ஜெயித்தவர். நூற்றாண்டை ஒட்டி 2019-ல் ஊரின் பேரையே 'காஸ்டெல்லானியா கோப்பி' என்று மாற்றிவிட்டார்கள். அங்கே அவருடைய பேரன் போடுகிற டிமோராசோ ஒயினின் பேர்... வேறென்ன, 'ஃபாஸ்டோ'தான்!

அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த கொடி, இன்று நூற்றுக்கணக்கான ஹெக்டேர். இதில் ஹைலைட் என்ன தெரியுமா? பரோலோ பக்கத்துப் பெரிய தலைகளான வியெட்டி, போர்கோனோ, ரோவான்யா எல்லாம் டோர்டோனா குன்றுகளுக்கே வந்து டிமோராசோ நட்டிருக்கிறார்கள். ஃபர்ஸ்ட் பெஞ்ச் எழுந்து வந்து லாஸ்ட் பெஞ்சில் இடம் கேட்ட கதை!

ஒண்ணு மட்டும் மறக்காம சொல்லிடறேன். டிமோராசோ திருந்தி நல்ல பிள்ளையாகிவிடவில்லை. இன்னிக்கும் அதோட பூ கொட்டத்தான் செய்யுது. விளைச்சல் இன்னிக்கும் கம்மிதான். மாறினது அளக்கிற கருவி மட்டும்தான். தராசை ஓரமா வெச்சுட்டு, ஒருத்தர் தனியா எடுத்து ருசிச்சுப் பார்த்தார். பார்க்காமலே இருந்திருந்தா? பழைய புத்தகத்துல ஒரு பேரா மட்டும்தான் மிச்சம் இருந்திருக்கும்.

எனக்கும் 'டைம் அண்ட் வொர்க்' கணக்கு இன்னிக்கும் சொதப்பல்தான். அந்தக் கம்பெனி மேல கோபமெல்லாம் இல்லை, ஆயிரம் பேருக்கு மத்தியில அவங்களுக்குத் தராசுதான் சௌகரியம். அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி வருது. கணக்கையும் போட்டுப் பார்த்துக்கிட்டிருக்கேன், புராஜெக்ட் ஃபைலையும் பையில எடுத்து வெச்சாச்சு. யாராவது தனியாப் பறிச்சுப் பார்க்க மாட்டாங்களா என்ன?

ரிசல்ட்டோட அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!