இரண்டாவது குழந்தையை யார் தூக்குவது?

தமிழில் 'தள்ளுவண்டி' என்று எழுதினால் வாசகர் மனத்தில் வருவது கொய்யாப்பழம், அல்லது மாலை நேரத்துச் சுண்டல், அல்லது இஸ்திரிப் பெட்டி. குழந்தை வராது. 'பிராம்' என்ற சொல் ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களோடு ஏறத்தாழ முடிந்துபோனது. இப்போது கடைக்காரர்கள் 'ஸ்ட்ரோலர்' என்கிறார்கள். இரண்டு குழந்தைகள் அமர்வதென்றால் 'ட்வின் ஸ்ட்ரோலர்'. சொல் நிலைக்காமல் போனது தற்செயலானதல்ல என்றே நினைக்கிறேன். அந்தப் பொருள் நமக்குத் தேவையில்லை என்று நெடுங்காலம் நம்பியிருக்கிறோம். உத்திரமேரூர் போன்ற ஊரில் இரட்டைப் பிள்ளை பெற்ற ஒருத்தி அப்படி ஒரு வண்டி வாங்க நினைத்தால், "இதென்ன வெள்ளைக்காரன் பவுசு? நாங்களெல்லாம் இடுப்பில் தூக்கி வளர்க்கவில்லையா?" என்ற கேள்வி முதலில் வந்து நிற்கிறது. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு ஒரு பதில்.

நம் இலக்கியத்தில் குழந்தைக்கும் சக்கரத்துக்கும் பழைய உறவு உண்டு. கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், வளமான மருத நிலத்து ஊரொன்றில், தச்சர் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படும்படி செய்யப்பட்ட விளையாட்டுத் தேரைத் தளர்நடைப் பிள்ளைகள் உருட்டித் திரிகிறார்கள். களைத்தபின் செவிலியரைத் தழுவிப் பாலருந்தி உறங்கிப்போகிறார்கள். பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேர் ஒன்று வருகிறது. பிற்காலப் பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குரிய பத்துப் பருவங்களில் இறுதியானது சிறுதேர். இவற்றில் எல்லாம் குழந்தை தேரை உருட்டுகிறது, அதில் ஏறிப் போவதில்லை. பெரும்பாணாற்றுப்படையின் தேரே ஏறி ஊர முடியாத தேர்தான். ஏறிப் போவதற்குக் குழந்தைக்கு வேறொரு வாகனம் இருந்தது. அது ஒரு பெண்ணின் இடுப்பு.

இடுப்பின் பெருமையை நான் மறுக்கவில்லை. உடம்பின் சூடு, முகத்துக்கு அருகே முகம், நடக்கும்போதே பேச்சு: எந்த வண்டியும் இவற்றைத் தராது. தூளியும் ஏணையும் வீட்டுக்குள் இன்றும் இணையற்றவை. ஆனால் இடுப்பைப் புகழ்கிறவர்கள், அது யாருடைய இடுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் இடுப்பு இருக்கலாம். ஆனால் குடம் எடுக்கவும் கதவு திறக்கவும் ஒரு கையாவது மிஞ்ச வேண்டும். ஆகவே தாயால் தூக்க முடிவது ஒரு குழந்தையைத்தான். இரண்டாவதை யார் தூக்கினார்கள்? பாட்டி தூக்கினாள், சின்னம்மா தூக்கினாள், பெரும்பாலும் அக்கா தூக்கினாள். எட்டு வயதில், தன் எடையில் பாதி இருக்கும் தம்பியை ஒரு பக்கம் சாய்ந்தபடி சுமந்து திரிந்த அக்காக்களை நம் கிராமங்களில் பார்க்காதவர் யார்? அவர்களில் எத்தனை பேர் அதன்பொருட்டுப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார்கள் என்று யாரும் கணக்கெழுதி வைக்கவில்லை. நம்மிடம் இரட்டைக் குழந்தை வண்டி எப்போதும் இருந்தது. அது சிறுமிகளாலும் கிழவிகளாலும் ஆகியிருந்தது. விலை இல்லாததால் அதை நாம் ஒரு பொருளாகக் கருதவில்லை.

அந்த வண்டி இப்போது ஓடுவதில்லை. அக்கா பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். இருக்க வேண்டிய இடம் அதுதான். பல வீடுகளில் அக்காவே இல்லை, முதல் பிரசவமே இரட்டை. சின்னம்மாவும் சித்தப்பாவும் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனிப் பேருந்தில் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். பாட்டிக்கு முழங்கால் வலி. இன்னொரு பக்கம் இரட்டைப் பிறப்புகள் கூடியிருக்கின்றன. 2021இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று, 1980களின் தொடக்கத்தில் ஆயிரம் பிரசவங்களுக்கு 9 என்றிருந்த இரட்டைப் பிரசவம் 2010–15 காலத்தில் 12 ஆகிவிட்டதைக் காட்டியது. கருத்தரிப்புச் சிகிச்சையும் தாமதமான மகப்பேறும் முக்கியக் காரணங்கள். இரண்டும் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் புதியவை அல்ல.

குழந்தை வண்டியின் வரலாற்றைப் பார்த்தால், அது எப்போதும் தூக்க ஆளில்லாத இடத்தை நோக்கியே நகர்ந்து வந்திருப்பது தெரியும். 1733இல் வில்லியம் கென்ட் என்ற தோட்டக்கலைஞர் இங்கிலாந்தின் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்குச் செய்துகொடுத்த வண்டி ஆட்டையோ மட்டக்குதிரையையோ பூட்டி இழுக்கும் விளையாட்டுப் பொருள். தூக்குவதற்குப் பணியாளர்கள் நிறையப் பேர் இருந்த வீடு அது. 1965இல் ஓவன் மெக்லாரன் வடிவமைத்தது வேறு வகை. அவர் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்கு சக்கரங்களில் வேலை செய்த பொறியாளர். பேரக்குழந்தையோடு விமானத்தில் வந்த மகள் கனமான பிராமோடு படும் பாட்டைப் பார்த்து, மூன்று கிலோவுக்கும் குறைந்த அலுமினிய வண்டியைக் குடைபோல மடங்கும்படி செய்தார். பணியாளர் இல்லாத தாய்க்கான வண்டி அது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாம் மரபு.

இனி எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். இரட்டை வண்டிகள் பொதுவாக இரண்டு வகை. பக்கத்தில் பக்கத்தில் அமர்வது ஒன்று; ரயில் பெட்டிபோல முன்னும் பின்னும் அமர்வது மற்றொன்று. முதல் வகை ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் அகலம். இரண்டாம் வகை 60, 65க்குள் அடங்கும், ஆனால் நீளம். கடையில் நீளமானதே கவர்ச்சியாகத் தெரியும், நம் குறுகலான தெருவுக்குப் பொருத்தம் என்றும் தோன்றும். என் கருத்து வேறு. வேகத்தடை, பெயர்ந்த சிமெண்ட், சாக்கடைமேல் போட்ட பலகைக்கல் ஆகியவற்றில் முன்சக்கரத்தை நொடிக்கொரு தரம் தூக்கி வைக்க வேண்டும். நீள வண்டியில் ஒரு குழந்தையின் எடை முழுவதும் முன்சக்கரத்தின்மேல் இருப்பதால் கைப்பிடியை அழுத்தி நிமிர்த்துவது கடினம். பக்கவாட்டு வண்டியில் இரு குழந்தைகளும் பின்சக்கரத்துக்கு அருகே இருப்பதால் நிமிர்வது எளிது. ஒரு வயதில் இரண்டு பிள்ளைகளும் வண்டியுமாகச் சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிலோ. இந்த எளிமை அப்போது பெரிய விஷயம்.

எனவே இரட்டையர்க்குப் பக்கவாட்டு வண்டி. ஒரே நிபந்தனை, வீட்டிலுள்ள மிகக் குறுகிய வாசலை இஞ்சு டேப்பால் அளந்துவிட்டே கடைக்குப் போக வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் இடைகழி வாசல் இதைவிடக் குறுகியதாக இருக்கலாம். அப்படியானால் வேறு வழியில்லை, நீள வண்டிதான். முதல் ஆறு மாதம் கழுத்து முழுதாக நிற்காது என்பதால், இரண்டு இருக்கையும் படுக்கையாகச் சாய வேண்டும். ஒன்று மட்டும் சாயும் வண்டி, வயது வித்தியாசமுள்ள உடன்பிறப்புகளுக்கானது. சக்கரம் பெரிதாக இருக்கட்டும். பளிங்குத் தரைக்குச் செய்த சிறு இரட்டைச் சக்கரங்கள் ஜல்லியில் சிக்கி நிற்கும். காற்றடைத்த டயர் என்றால், நம் ஊர் சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டித் தரக்கூடிய அளவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தோள், இடை, தொடையிடுக்கு என ஐந்து இடத்தில் பிடிக்கும் பட்டையில்லாத வண்டியைத் தொடவே வேண்டாம். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டினால் வண்டி பின்னால் கவிழும். வெயிலுக்கு மறைப்பாகச் சேலைத் துணியை வண்டிமேல் முழுக்கப் போர்த்தினால் உள்ளே காற்றோட்டமின்றிச் சூடு ஏறும். கூரைநிழல் அகலமாக உள்ளதாகப் பார்த்து வாங்குவதே சரி.

ஒன்றரை, இரண்டு வயது இடைவெளியுள்ள அண்ணன் தம்பிக்கு இவ்வளவு தேவையில்லை. உறுதியான ஒற்றை வண்டியும், பின்னால் பெரியவன் நின்றுகொள்ளும் பலகையும் போதும். அவன் பாதி தூரம் நடக்கவும் செய்வான். இரட்டை இருக்கைக்குக் கொடுக்கும் பணம் ஒரே ஆண்டில் பரணுக்குப் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலான சோதனை பேருந்து. தமிழகத்தில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஐந்து வயதுவரை குழந்தைகளுக்கும் இல்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் படி அப்படியே இருக்கிறது. புதன்கிழமை தடுப்பூசிக்கு ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று போக வேண்டியவள், இரண்டு குழந்தைகளை இறக்கி, வண்டியை மடக்கி, மூன்றையும் படியேற்ற வேண்டும். நடத்துநர் "சீக்கிரம் ஏறும்மா" என்பார். மடக்கும்போது குழந்தைகள் யார் கையில்? ஆகவே ஒரு கையால் மடங்காத வண்டி, எத்தனை அழகாக இருந்தாலும், தனியாகப் போகிறவளுக்கு உதவாது. பத்து கிலோவுக்கு மேல் போனால் தூக்கவும் முடியாது. பெரிய சக்கரம் எடையைக் கூட்டும். எடை கூடினால் பேருந்து தூரமாகும். இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு எந்தக் கம்பெனியிடமும் இல்லை. பேருந்தில் அதிகம் போகிறவர் எடையைப் பார்க்கட்டும்; ஊருக்குள்ளேயே நடப்பவர் சக்கரத்தைப் பார்க்கட்டும்.

இங்கிலாந்தில் 2012இல் ஒரு வழக்கு எழுந்தது. டக் பாலி என்பவர் சக்கர நாற்காலியில் லீட்ஸ் நகரத்துக்குப் பேருந்தேற வந்தார். நாற்காலிக்கான இடத்தில் குழந்தை வண்டியோடு ஒரு தாய் இருந்தார். குழந்தை தூங்குகிறது, வண்டி மடங்காது என்று நகர மறுத்தார். பாலி அந்தப் பேருந்தில் ஏற முடியவில்லை. 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஓட்டுநர் வெறும் வேண்டுகோளோடு நின்றுவிடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தாழ்தளப் பேருந்தும் அதில் ஓர் இடமும் இருப்பதால் அங்கே அந்த இடத்துக்குப் போட்டி. இங்கே அந்த இடமே இல்லாததால் இருவரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள், போட்டியும் இல்லை. சக்கர நாற்காலிக்காரரும் இரட்டைப் பிள்ளைத் தாயும் நம் ஊரில் ஒரே கட்சி. ஒருவருக்கான சரிவுப்பாதை மற்றவருக்கும் ஆகும்.

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் பேருந்து நிலையத்துக்கு அருகில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள் அங்கே இருக்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னின் தரம் பார்க்க ஒரு வாரியம் வைத்த ஊர். வாரியத்துக்கு வர முப்பத்தைந்து வயதும் சொந்த மனையும் கால் வேலி நிலமும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்றெல்லாம் தகுதிகள் எழுதினார்கள். அவை ஆண்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குழந்தையைச் சுமந்து தெருவில் நடந்தவளின் குரல் அந்தச் சபையில் ஒலித்திருக்க வழியில்லை. 2016இல் தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டமானது. சுமந்தவர்களே இன்று உறுப்பினர்கள். கோவை எலும்புமுறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், தடையில்லாத நடைபாதை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று இந்திய உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறிமுறை நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. இரண்டு இரட்டை வண்டிகள் எதிரெதிரே கடந்துபோகும் அகலம் அது. நம் கடைத்தெருவில் ஒன்று போக இடமுண்டா என்று ஒவ்வொரு வார்டிலும் கேட்கலாம்.

விலையைப் பற்றிய ஆட்சேபம் நியாயமானது. நல்ல இரட்டை வண்டி, ஒரு தொழிலாளி வீட்டு வருமானத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடும்; பயன் இரண்டு, இரண்டரை ஆண்டு. ஆனால் ஒரே மரத்தொட்டில் பங்காளி வீடுகளில் எல்லாம் சுற்றிவந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. யாருக்குப் பிறந்தாலும் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். எண்ணெய் தடவித் திருப்பித் தருவார்கள். இந்த வண்டியும் அப்படிச் சுற்றலாம். மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று இரண்டு வண்டிகளை வாங்கி மாத வாடகைக்கு விட்டால், சுற்றுக் கிராமங்களின் இரட்டையர்க்கெல்லாம் முறைவைத்துக் கொடுக்கலாம். 2015இல் அரசு தாய்மார்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் கொசுவலையும் கிலுகிலுப்பையும் லேகியமும் உட்படப் பதினாறு பொருள்கள் இருந்தன. இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கிச் செல்லவும் ஏதேனும் வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

இடுப்பில் வளர்த்தோம் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வளர்த்தவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. இரட்டை வண்டி வாங்குகிறவள் பவுசுக்காக வாங்குகிறாள் என்று சிரிக்கும் முன், அந்த வண்டி இல்லாவிட்டால் இரண்டாவது குழந்தையை அந்த வீட்டில் யார் தூக்குவார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். 'நான் தூக்குகிறேன்' என்று சொல்லத் தயாராக இருப்பவர் மட்டும் அதற்குப் பிறகு சிரிக்கட்டும்.