காலை 7 மணிக்கு மறைந்த இண்டர்நெட்!
ஒரு கிராமத்தையே திண்டாட வைத்த பழைய டெலிவிஷன்

பிரிட்டனில் வேல்ஸ் என்ற பகுதி இருக்கிறது. மலையும் புல்வெளியும் நிறைந்த இடம். அங்கே அபெர்ஹோசன் என்று ஒரு சிறு கிராமம்.

அந்தக் கிராமத்து மக்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை ஏற்பட்டது. தினமும் காலை 7 மணி ஆனால் போதும், இண்டர்நெட் படுத்துவிடும்! ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. 18 மாதங்கள் இப்படியே நடந்தது.

டெலிபோன் கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தின் ஆட்கள் வந்தார்கள். கம்பிகளைச் சோதித்தார்கள். கோளாறு எதுவும் தெரியவில்லை. பல இடங்களில் பழைய கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி போட்டார்கள். செலவுதான் மிச்சம். தொல்லை தீரவில்லை!

துப்புத் துலங்கியது

கடைசியில் 2020-ம் ஆண்டு சில நிபுணர்கள் வந்தார்கள். காலை 6 மணிக்கே ஊருக்குள் இறங்கினார்கள். கொட்டும் மழை. கையில் மின் அலைகளை அளக்கும் கருவி. அதை வைத்துக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தார்கள்.

மணி 7 ஆனது. கருவி பலமான மின் இரைச்சலைக் காட்டியது! அதைப் பின்தொடர்ந்து போனார்கள். அது ஒரு வீட்டில் போய் நின்றது. அங்கே இருந்தது ஒரு பழைய டெலிவிஷன்.

அந்த வீட்டுக்காரர் தினமும் காலை 7 மணிக்கு அதைப் போடுவது வழக்கம். அவர் டெலிவிஷனைப் போட்டதும் ஊரின் இண்டர்நெட் அறுந்தது!

விஷயம் தெரிந்ததும் அவர் வெட்கத்தால் குன்றிப்போனார். உடனே அதை அணைத்தார். இனிமேல் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். அவருடைய பெயரை நிறுவனம் வெளியிடவில்லை. அது நல்ல காரியம்.

காரணம் என்ன?

டெலிவிஷனுக்கும் இண்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அந்த ஊருக்கு இண்டர்நெட் வந்தது டெலிபோனின் செம்புக் கம்பி வழியாக. அந்த ஒரே கம்பியில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மனிதர் பேசும் குரல் வினாடிக்கு சுமார் 4 ஆயிரம் துடிப்புக்குள் போய்விடும். இண்டர்நெட் அதற்கு மேலே, 11 லட்சம் அல்லது 22 லட்சம் துடிப்பு வரை போகும். ரேடியோவில் மத்திய அலை நிலையங்கள் ஒலிபரப்புவதும் ஏறக்குறைய இதே எல்லைக்குள்தான்.

இங்கேதான் வம்பு வருகிறது. நீளமான டெலிபோன் கம்பி, ரேடியோ ஏரியலைப் போல அக்கம்பக்கத்து மின் இரைச்சலை இழுத்துக்கொள்கிறது. தொலைவிலிருந்து வரும் இண்டர்நெட் சமிக்ஞையோ மிகவும் மெலிந்தது. சந்தைக்கடை இரைச்சலில் ரகசியம் பேசினால் காதில் விழுமா? வீட்டிலுள்ள மோடம் கருவிக்கும் அதே கதிதான். அது இணைப்பை விட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

பல வீட்டுக் கம்பிகள் ஒரே கட்டாகச் சேர்ந்து போகின்றன. அதனால் ஒரு வீட்டு இரைச்சல் ஊரையே பிடித்து ஆட்டுகிறது.

கார்ட்லெஸ் டெலிபோன்

டெலிவிஷன் மட்டும் இப்படிச் செய்வதில்லை. வீட்டில் வைத்துப் பேசும் கார்ட்லெஸ் டெலிபோனும் தொல்லை கொடுப்பது உண்டு. அது இரண்டு வழிகளில் வரும்.

ஒன்று, கம்பி வழி. குரலையும் இண்டர்நெட்டையும் பிரிப்பதற்கு ‘ஸ்பிளிட்டர்’ என்ற சிறு பெட்டி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2005-க்குப் பிறகு பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாங்கிய வீடுகளிலும் இதை மாட்டினார்கள். இந்தப் பெட்டியை விட்டுவிட்டு டெலிபோனை நேராகக் கம்பியில் சேர்த்தால், பேசும்போது இரைச்சல் கேட்கும். இண்டர்நெட்டும் அறுந்துபோகும்.

இரண்டு, காற்று வழி. சில கார்ட்லெஸ் டெலிபோன்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கின்றன. வீட்டு வைஃபையும் அந்த அலையைப் பயன்படுத்துவது உண்டு. மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான்! மூன்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்தச் சமயத்தில் கம்பியைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

யார் குற்றம்?

அபெர்ஹோசன் வீட்டுக்காரரைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. தன் வீட்டு டெலிவிஷன் அடுத்த வீட்டுக் கம்பியைக் கெடுக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

யோசிக்க வேண்டியது வேறு. தொல்லை தினமும் 7 மணிக்கு வந்தது. கம்பி பழுதானால் அது மணி பார்த்தா பழுதாகும்? மனிதர் கை பட்டால்தான் ஒரு காரியம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கும். அந்த நேரமே பெரிய துப்பு. அதைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் விடை கிடைத்தது.

2020-ம் ஆண்டு கொரோனா காலம். பிரிட்டனில் பள்ளிக்கூடங்களும் அலுவலகங்களும் மூடப்பட்டன. படிப்பும் பிழைப்பும் வீட்டுக் கம்பியை நம்பி நின்றன. அப்படிப்பட்ட சமயத்தில் இண்டர்நெட் அறுந்தால் அது வெறும் பொழுதுபோக்கு நஷ்டம் அல்ல.

என்ன செய்யலாம்?

இண்டர்நெட் அடிக்கடி அறுந்தால், அறுந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் எது ஓடியது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

செம்புக் கம்பி இணைப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு எளிய வழி இருக்கிறது. மத்திய அலை ரேடியோவை, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் திருப்பி வைத்து வீட்டைச் சுற்றி நடக்கலாம். எந்தக் கருவியின் பக்கத்தில் ‘கர்ர்’ என்ற சத்தம் ஏறுகிறதோ, அதைச் சந்தேகிக்கலாம்.

கண்ணாடி இழையில் வரும் ஃபைபர் இணைப்புக்கு இந்தப் பயம் இல்லை. அதில் போவது ஒளி. மின் இரைச்சல் அதை அண்டாது. ஆனால் வீட்டுக்குள் வைஃபை இருக்கும்வரை, காற்றில் நடக்கும் மோதல் தீராது. வைஃபை பெட்டியையும் கார்ட்லெஸ் டெலிபோனையும் ஒரே மேஜையில் வைக்காமல் தள்ளி வைப்பது நல்லது. அதற்குக் காசு செலவு இல்லை!